சஸ்காச்சுவானில் ஒரு முதலீடு: மெயின் ஸ்ட்ரீட் கடையா, 160 ஏக்கர் காணியா?

"அண்ணா, கடைக் கட்டடம் ஒன்று ரொறன்ரோவில் ஒரு கார் பார்க்கிங் விலைக்குக் கிடக்குது, காணி மட்டும் எட்டாத விலையில போகுது, எதை எடுக்கிறது?" என்று ஸ்காபரோவிலிருந்து ஒரு தம்பி போன் எடுத்தார். வீட்டை விற்று, கடனெல்லாம் அடைத்து, கையில் 5 இலட்சம் டொலர் மிஞ்சியிருக்கிறதாம். இதே கேள்வியை இந்த இரண்டு வருடத்தில் நாலு பேராவது என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

நான் இருப்பது கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தின் மேற்கு மத்தியில், ரோஸ்டவுன் பக்கம். ஒரு கடைக் கட்டடத்தை ஒன்பது வருடம் வைத்திருந்து விற்றேன். இப்போது மனைவியும் நானும் ஒரு க்வார்ட்டர் காணி வைத்திருக்கிறோம். இங்கே காணியை க்வார்ட்டர் கணக்கில்தான் பேசுவார்கள். 1872 இல் கனடா அரசு கொண்டுவந்த காணிச் சட்டத்தோடு இந்தச் சமவெளி முழுவதையும் கணக்குக் கொப்பி மாதிரிக் கட்டம் கட்டி அளந்தார்கள். ஒரு மைலுக்கு ஒரு மைல் சதுரம் ஒரு செக்ஷன், 640 ஏக்கர், அதில் கால்வாசி, 160 ஏக்கர், ஒரு க்வார்ட்டர். குடியேற வந்தவர்களுக்கு அந்த 160 ஏக்கரை 10 டொலர் பதிவுக் கட்டணத்துக்குக் கொடுத்தார்கள், வீடு கட்டி, உழுது, சில வருடம் இருந்து காட்டினால் சொந்தம்.

## கடை ஏன் மலிவு, காணி ஏன் விலை

இதைப் புரிந்துகொள்ளாமல் இரண்டில் எதையும் வாங்காதீர்கள், ஏனென்றால் இரண்டு விலைக்கும் பின்னால் இருப்பது ஒரே காரணம்.

1936 இல் சஸ்காச்சுவானில் 142,000க்கும் மேற்பட்ட பண்ணைகள் இருந்தன. 2021 கணக்கெடுப்பில் 34,128. ஒரு பண்ணையின் சராசரி அளவு இப்போது 1,766 ஏக்கர். மண் அதே மண்தான், அதை உழுகிற குடும்பங்கள் நாலில் ஒன்றாகிவிட்டன. டவுன்களோ குதிரை வண்டிக் காலத்துக்காக வைக்கப்பட்டவை: ஒரு விவசாயி தானியத்தை ஏற்றிக்கொண்டு போய் அன்றைக்கே வீடு திரும்பக்கூடிய தூரத்துக்கு ஒன்று என்று ரயில் கொம்பனிகள் நிறுத்தம் போட்டன. 1995 இல் தானியத்துக்கான ரயில் கட்டணச் சலுகை ஒழிந்தபோது கிளைப் பாதைகளும், தானியத்தைச் சேர்த்து வைத்து ரயிலில் ஏற்றும் மர எலிவேட்டர்களும் இன்னும் வேகமாக மூடப்பட்டன. லொறியில் 80 கிலோமீற்றர் கொண்டுபோய்ப் பெரிய கொங்கிரீட் எலிவேட்டரில் கொட்டுகிற காலம் வந்தது. 2017 மே மாதக் கடைசியில் மாகாண பஸ் சேவையும் நின்றது.

ஆகவே ஒரு விவசாயி ஓய்வு பெறும்போது நடப்பது இதுதான்: பக்கத்துக் காணிக்காரர்கள் மூன்று பேர் போட்டி போட்டு அந்தக் காணியை வாங்குகிறார்கள், விலை ஏறுகிறது. அந்தக் குடும்பம் சாஸ்காட்டூன் நகரத்துக்குப் போகிறது, மெயின் ஸ்ட்ரீட்டில் இருக்கிற கடைக்கு ஒரு வாடிக்கையாளர் குறைகிறார். காணி விலையை ஏற்றுகிற அதே கைதான் கடை விலையை இறக்குகிறது. கடை மலிவாகக் கிடக்கிறது என்றால் அதைத் தேடி வர ஆள் இல்லை என்று அர்த்தம். ஆட்கள் வேறு ஏதாவது காரணத்துக்காக வருகிற டவுனாக இருந்தால் மட்டும் கணக்கு மாறும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

நான் ஐந்து விஷயம் பார்ப்பேன். வருடக் கடைசியில் கையில் நிற்கிற காசு எவ்வளவு. பெப்ரவரி மாதம் −35 இல் அங்கே யார் நிற்பது. வெளியே தெரியாத செலவு என்ன. கடன் வாங்கினால் அது தன்னைத் தானே அடைக்குமா. கடைசியாக, விற்க நினைத்தால் எத்தனை மாதத்தில் விற்கலாம், யாருக்கு. விலை ஏறுமா என்பதை நான் வேண்டுமென்றே பட்டியலில் சேர்க்கவில்லை, ஏனென்றால் எல்லாரும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள், அதிலேயே மயங்கியும் விடுகிறார்கள்.

## காணி: 160 ஏக்கர், குத்தகைக்கு

விலை ஏறியது உண்மைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. பண்ணைக் கடன் கொடுக்கும் அரசு நிறுவனமான எஃப்.சி.சி. வருடா வருடம் வெளியிடும் அறிக்கைப்படி சஸ்காச்சுவான் காணி 2022 இல் 14.2 சதவீதம், 2023 இல் 15.7, 2024 இல் 13.1 சதவீதம் ஏறியது. ஆனால் 1980களில் வட்டி ஏறி விளைச்சல் விலை விழுந்தபோது இதே காணிகளின் பெறுமதி வருடக் கணக்கில் இறங்கியதும் உண்டு, அப்போது காணியை வங்கியிடம் விட்டுவிட்டுப் போனவர்களின் பிள்ளைகள் இன்னும் இங்கே இருக்கிறார்கள்.

கணக்குக்காக ஏக்கர் 3,000 டொலர் என்று வைப்போம். 160 ஏக்கர், 480,000. பயிர் செய்யக்கூடியது 145 ஏக்கர், ஏக்கருக்கு 80 டொலர் குத்தகை என்றால் வருடம் 11,600. காணி வரி 1,100 போனால் 10,500 மிச்சம். போட்ட காசுக்கு 2 சதவீதத்துக்குச் சற்று மேலே. முழுக் காசையும் நீங்களே போட்டால் பரவாயில்லை. 25 சதவீதம் முன்பணம் கட்டி மிச்சம் 360,000ஐ 6 சதவீத வட்டிக்கு எடுத்தால் வட்டி மட்டும் 21,600. வரி போக மிஞ்சும் குத்தகைக் காசு அதில் பாதிக்குக்கூடக் காணாது. வருடம் 11,000 டொலருக்கு மேல் சம்பளத்திலிருந்து போட வேண்டும், முதலை அடைக்கிற தவணை அதற்கு மேலே. பக்கத்து விவசாயி எப்படிச் சமாளிக்கிறார் என்று கேட்டால், அவர் ஏற்கெனவே கடன் அடைத்த காணிகளின் வருமானத்தால் இதை அடைக்கிறார், அவரிடம் ட்ரக்டரும் விதைப்பொறியும் இருக்கின்றன. உங்களிடம் அது இல்லை.

மறைந்த செலவுகளுக்கு வருகிறேன். முதலில் ஏக்கர் கணக்கு. 160 ஏக்கருக்கும் காசு கொடுப்பீர்கள், ஆனால் குத்தகை உழுகிற நிலத்துக்கு மட்டும்தான். நாங்கள் வாங்குவதற்கு முன் ஒரு க்வார்ட்டரைப் பார்க்க மே மாதம் போனோம். தெருவிலிருந்து பார்த்தால் தட்டையாக, அழகாக இருந்தது. உள்ளே நடந்தால் நடுவில் ஒரு குட்டை, இங்கே ஸ்லூ என்பார்கள், அதைச் சுற்றிப் ஒரு வெள்ளை வளையம். குனிந்து விரலால் தொட்டால் உப்பு. அந்த வளையத்துக்கு வெளியே ஒரு பத்தடிக்குக் கோச்சியா என்ற களை மட்டும் முளைத்திருந்தது, உப்பு மண்ணிலும் வளரும் களை அது, கோதுமை அங்கே தலை தூக்காது. ஈர வருடங்களில் வளையம் பெரிதாகும் என்று பக்கத்துக் காணிக்காரர் சொன்னார். விற்பனை விளம்பரத்தில் 150 ஏக்கர் பயிர் நிலம் என்று போட்டிருந்தது, நடந்து பார்த்த கணக்கில் 128 தேறும். விட்டுவிட்டு வந்தோம்.

அடுத்தது வரி. பயிர் செய்பவருக்கு, காணியை விற்கும்போது வாழ்நாளில் 12.5 இலட்சம் டொலர் வரையான இலாபத்துக்கு வரிவிலக்கு உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது குடும்பத்தில் ஒருவர் உண்மையில் பயிர் செய்து, அந்த வருமானம் குறைந்தது இரண்டு வருடமாவது மற்ற வருமானத்தை விட அதிகமாக இருந்தால்தான். ஸ்காபரோவில் வேலை செய்துகொண்டு குத்தகைக்கு விட்டவருக்குக் கிடைக்காது. இலாபத்தில் பாதி உங்கள் வருமானத்தோடு சேர்ந்து வரிக்குப் போகும். அப்புறம் விற்பவர் விவசாயியாக இருந்தால் விலையின் மேல் 5 சதவீத ஜி.எஸ்.ரி., அதாவது மத்திய அரசின் விற்பனை வரி, பெரும்பாலும் வரும். நீங்கள் முன்கூட்டியே ஜி.எஸ்.ரி. பதிவு எடுத்திருந்தால் கணக்கில் கழிந்துவிடும், எடுக்காவிட்டால் மேலே சொன்ன உதாரணத்தில் 24,000 டொலர் கைக்காசு. கையெழுத்துப் போடுவதற்கு முதல் கணக்காளரிடம் போங்கள், பிறகு அல்ல.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் வழுக்குகிற இடம் இது. சஸ்காச்சுவானில் கனேடியக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவர்கள் எவ்வளவு பண்ணைக் காணியும் வாங்கலாம். வெளிநாட்டில் இருக்கும், இரண்டும் இல்லாத ஒருவருக்கு மொத்தம் 10 ஏக்கர்தான். "லண்டன் அண்ணாவிடம் கடன் வாங்கி என்ர பேரில எழுதுவம்" என்று ஒருவர் கேட்டார், அதுவும் கூடாது: 2016 முதல் காணி வாங்கும் கடன் கனடாவில் பதிவான நிதி நிறுவனத்திடமிருந்தோ கனடாவில் வசிப்பவரிடமிருந்தோ மட்டுமே வரலாம். காசு எங்கிருந்து வந்தது என்று சத்தியக் கடதாசி கேட்க மாகாணத்தின் காணிப் பாதுகாப்புச் சபைக்கு அதிகாரம் இருக்கிறது, பொய் என்று தெரிந்தால் தண்டமும் உண்டு, காணியை விற்கச் சொல்லும் உத்தரவும் உண்டு.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது: நம் ஊர் மாதிரி நாலு தலைமுறை உறுதியைத் தோண்ட வேண்டாம். மாகாணப் பதிவில் உரிமை யார் பெயரில் இருக்கிறதோ அதுதான் செல்லும். ஆனால் மேல்மண் உரிமை வேறு, நிலத்தடிக் கனிம உரிமை வேறு. நீங்கள் வாங்குவது அநேகமாக மேல்மண் மட்டும். கிண்டர்ஸ்லி பக்கம் காணியில் எண்ணெய்க் கிணறு இருந்தால் கொம்பனி வருட வாடகை தரும், விற்பவரும் அதைப் பெருமையாகச் சொல்வார். அந்தக் கொம்பனி நொடித்துப்போனால் வாடகை நின்றுவிடும், கிணறு மட்டும் உங்கள் காணியில் அப்படியே இருக்கும்.

குத்தகையில் இரண்டு வகை. ஏக்கருக்கு இவ்வளவு என்று காசாக வாங்குவது, இல்லை விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு போலப் பிரித்துக்கொள்வது. தூரத்தில் இருப்பவர்கள் காசுக் குத்தகைக்குப் போங்கள், மூன்று வருட ஒப்பந்தம் எழுத்தில், பாதி வசந்தத்தில் பாதி இலையுதிர் காலத்தில். 2021 வரட்சியில் மாகாண விளைச்சல் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தபோது பங்குக் குத்தகைக்கு விட்டவர்களும் சேர்ந்து அடிபட்டார்கள். காசுக் குத்தகையிலும் உலகச் சந்தை உங்களைத் தொடும். நம் வீட்டில் பருப்புக் கறிக்குப் போடும் மைசூர்ப் பருப்பு இந்தப் பக்கத்துக் களிமண்ணில் நிறைய விளைகிறது. 2017 இல் இந்தியா பட்டாணிக்கும் பருப்புக்கும் இறக்குமதி வரி போட்டபோதும், 2025 இல் சீனா கனோலா என்ற எண்ணெய் வித்தின் மேல் வரி போட்டபோதும், அடுத்த குத்தகைப் பேச்சில் அது வந்தே தீர்ந்தது.

காணி யாருக்குச் சரி: கடன் இல்லாமல் முழுக் காசும் போடக்கூடியவருக்கு, பத்துப் பதினைந்து வருடம் அந்தக் காசு தேவைப்படாதவருக்கு, வேறு மாகாணத்தில் இருந்துகொண்டே பார்க்க விரும்புகிறவருக்கு.

## மெயின் ஸ்ட்ரீட் கட்டடம்: கீழே கடை, மேலே வீடு

இங்கே எண்கள் முதல் பார்வைக்கு நன்றாக இருக்கும். 180,000க்கு ஒரு பழைய இரண்டு மாடிச் செங்கல் கட்டடம் என்று வைப்போம். கடை வாடகை மாதம் 1,300, மேலே இரண்டு வீடு 750 வீதம், வருடம் 33,600. நகர வரி 5,000, காப்புறுதி 6,000, சூடாக்கலும் தண்ணீரும் 7,000, சின்னத் திருத்தங்கள் 3,000. மிச்சம் 12,600, போட்ட காசுக்கு 7 சதவீதம். காணியின் மூன்று மடங்கு!

இப்போது கடைக்காரர் பூட்டிவிட்டுப் போகிறார் என்று வையுங்கள். ரொறன்ரோவில் மூன்று மாதத்தில் அடுத்தவர் வருவார். இங்கே என் கடை ஒரு தடவை பதினான்கு மாதம் காலியாகக் கிடந்தது. மேலே சொன்ன கணக்கில் ஒரு வருடம் கடை வாடகை இல்லையென்றால் 15,600 போகும், 12,600 இலாபம் 3,000 நட்டமாகும். அந்த 7 சதவீதம் ஒரே ஒரு ஆளின் தலையில் நிற்கிறது.

குளிர்காலத்தைப் பற்றி ஒரு விஷயம், என் வாழ்க்கையில் நடந்தது. கடை காலியாக இருந்த அந்த ஜனவரி, மேல் வீட்டுக்காரர்கள் இரண்டு வாரம் ஊருக்குப் போயிருந்தார்கள், நானும் மூன்று நாள் சாஸ்காட்டூனில். வெளியே −38. கொதிகலன் ஒரு இரவு நின்றிருக்கிறது. நான் வந்து கதவைத் திறந்தபோது முதலில் கேட்டது தண்ணீர்ச் சத்தம், நிலக்கீழ் அறைக்கு இறங்கும் படியில் காலை வைத்தால் வழுக்கியது, விளக்கைப் போட்டுப் பார்த்தால் ஏழாவது படி வரைக்கும் தண்ணீர், அதன் மேல் மெல்லிய பனிக்கட்டித் தகடு, அதற்குள் பழைய கடைக்காரர் விட்டுப்போன காலணிப் பெட்டிகள் மிதந்தபடியே உறைந்து நின்றன. காப்புறுதியிலிருந்து வந்தவர் முதலில் கேட்ட கேள்வி, "கடைசியாக யார், எந்த நாள் உள்ளே வந்து பார்த்தது?" என் பொலிசியில் காலியான இடத்தைக் குளிர்காலத்தில் ஒவ்வொரு நாளும் ஒருவர் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது, நான் அதை வாசிக்கவில்லை. ஒரு சதமும் வரவில்லை. நீங்கள் ஸ்காபரோவில் இருந்தால் அந்த ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும், அதையும் செலவில் எழுதுங்கள்.

கூரை தட்டைக் கூரையாக இருந்தால் அதை மாற்றுவது தனிக் கதை. 45,000 டொலர் வேலை என்றால், 2017 முதல் கட்டட வேலைக்கும் 6 சதவீத பி.எஸ்.ரி., அதாவது மாகாண விற்பனை வரி, உண்டு, அந்த 2,700 திரும்பி வராது. 5 சதவீத ஜி.எஸ்.ரி.யில் பதிவு வைத்திருந்தால் கடைப் பங்குக்கு உரியது திரும்பும், வீட்டுப் பங்குக்கு உரியது திரும்பாது. வரி மதிப்பீட்டிலும் வித்தியாசம் இருக்கிறது: பயிர் நிலத்தின் மதிப்பீட்டில் 55 சதவீதத்துக்குத்தான் வரி கணக்கிடுவார்கள், வணிகக் கட்டடத்துக்கு 85 சதவீதம்.

பழைய கட்டடத்தில் குழாயைச் சுற்றி அஸ்பெஸ்டஸ் இருந்தால் இடிக்கிற செலவு கட்டடத்தின் விலையைத் தாண்டவும் கூடும். அதைவிடப் பயங்கரமானது நிலத்தடித் தாங்கி, அதாவது மண்ணுக்குள் புதைத்த பழைய எரிபொருள் டாங்க். அந்த மூலைக் காணியில் 1950களில் எரிபொருள் நிலையம் இருந்திருக்கலாம், இப்போது சலவைக் கடையாகவோ வெறும் தரையாகவோ இருக்கும். மண்ணில் பெற்றோல் ஊறியிருந்தால் வங்கிகள் கடன் தரத் தயங்கும், சுத்தம் செய்யும் பொறுப்பு உங்கள் தலையில் வந்து நிற்கலாம். சுற்றுச்சூழல் ஆய்வு செய்யாமல் வாங்கவே வாங்காதீர்கள். விற்பவர் ஆய்வுக்குச் சம்மதிக்கவில்லை என்றால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

சரி, இது எப்போது நல்லது? டவுனில் விவசாயத்தைத் தவிர வேறு சம்பளம் வருகிறபோது. ஹம்போல்ட்டை எடுங்கள்: பக்கத்தில் ஜான்சன் பொட்டாஷ் (உர உப்பு) சுரங்கத்துக்கு பி.எச்.பி. என்ற சுரங்கக் கொம்பனி 2021 ஓகஸ்டில் பச்சைக்கொடி காட்டியது, முதல் கட்டத்துக்கு மட்டும் 750 கோடி கனேடிய டொலர் என்று அறிவித்தார்கள், 2023 இல் இரண்டாம் கட்டத்துக்கும் சம்மதம் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட இடத்தில் வாடகைக்கு ஆள் கிடைக்கும். சுரங்கம் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரி, உயர்தரப் பள்ளிக்கூடம், இரண்டு நெடுஞ்சாலை சந்திக்கிற இடம் (ரோஸ்டவுனில் 7 உம் 4 உம் சந்திக்கின்றன) என்று ஏதாவது இரண்டு இருந்தால் கட்டடத்தைப் பற்றி யோசிக்கலாம். கட்டுமான வேலையாட்களை மட்டும் நம்பிக் கணக்குப் போடாதீர்கள், கட்டி முடித்ததும் அவர்கள் போய்விடுவார்கள்.

## நீங்களே நடத்தும் கடை அல்லது மோட்டல்

இது மூன்றாவது வழி, சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் வாங்குவது ஒரு வேலையைத்தான். குடும்பமாக வந்து, மேலேயே குடியிருந்து, காலை ஆறு மணிக்குக் கதவைத் திறக்கத் தயார் என்றால் சின்ன டவுனில் இதுதான் ஆகக் கூடுதலாகக் காசு தரும். மலையாளிகளும் பஞ்சாபிகளும் பிலிப்பினோக்களும் இப்படி வந்து நிலைத்திருக்கிறார்கள், டவுன் ஆட்களும் அவர்களைக் கைவிட்டதில்லை. ஆனால் கணவன் இங்கே, மனைவி பிள்ளைகள் ஸ்காபரோவில் என்று தொடங்கியவர்களில் இரண்டாவது குளிர்காலத்தைத் தாண்டியவர்களை நான் காணவில்லை.

## ஒரே பார்வையில்

| | காணி | கடைக் கட்டடம் | நீங்களே நடத்தும் கடை |
|---|---|---|---|
| வருட வருமானம் | சுமார் 2%, அநேகமாக நிச்சயம் | 7% வரை, ஆள் இருந்தால் | உங்கள் உழைப்பைப் பொறுத்தது |
| பெப்ரவரியில் ஆள் தேவையா | இல்லை | ஒவ்வொரு நாளும் | நீங்களே |
| பெரிய மறைந்த செலவு | உப்பு நிலம், ஜி.எஸ்.ரி. | கூரை, நிலத்தடித் தாங்கி, காலி மாதங்கள் | குடும்பம் பிரிவது |
| கடன் தானே அடையுமா | அடையாது | அடையலாம் | நல்ல வருடங்களில் அடையும் |
| விற்பது | ஒரு பருவத்துக்குள், பக்கத்து விவசாயிக்கு | வருடக் கணக்கில் ஆகலாம் | வியாபாரம் ஓடினால் மட்டும் |

## தம்பிக்கு நான் சொன்னது

தம்பிக்கும் மனைவிக்கும் வயது 41, 38, பிள்ளைகள் ஸ்காபரோவில் படிக்கிறார்கள், இங்கே குடிவரும் எண்ணம் இல்லை. ஆகவே கட்டடம் வேண்டாம் என்றேன், மலிவு என்பதைத் தவிர அதை வாங்க அவரிடம் வேறு காரணம் இருக்கவில்லை. முழுக் காசுக்கு ஒரு க்வார்ட்டர் வாங்கினால் அவசரத்துக்குக் கையில் ஒன்றும் இருக்காது என்று அவர் பயந்தார், அந்தப் பயம் நியாயமானது. 80 ஏக்கர் பாதிக் க்வார்ட்டர்கள் எப்போதாவது விற்பனைக்கு வரும், காத்திருந்தால் கிடைக்கும், மிச்சக் காசு வங்கியில் இருக்கட்டும் என்றேன்.

பார்க்க வருவதாக இருந்தால் ஏப்ரல் கடைசியில் வரச் சொன்னேன், பனி உருகித் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பது அந்த இரண்டு வாரத்தில்தான் தெரியும், முழங்கால் வரைக்குமான ரப்பர் சப்பாத்துக் கட்டாயம். வருவதற்கு முன் அந்தப் பகுதியின் ஆர்.எம்., அதாவது கிராமப்புற உள்ளூராட்சிச் சபை, அலுவலகத்துக்குப் போன் பண்ணி காணி வரைபடம் ஒன்று வாங்கச் சொன்னேன். ஒவ்வொரு க்வார்ட்டரிலும் உரிமையாளர் பெயர் போட்டிருக்கும். உங்கள் கட்டத்தைச் சுற்றி நாலு பக்கமும் ஒரே பெயர் என்றால் குத்தகை கேட்பதும் அவர்தான், நாளைக்கு வாங்குவதும் அவர்தான், விலையும் அவர் சொல்வதுதான். நாலு வேறு பெயர்கள் இருக்கிற கட்டமாகப் பார்த்து எடுங்கள்.